முகட்டு உத்தரம்

ஓடு மாற்ற வந்த சூசைராசு, முகட்டு உத்தரத்தில் இரும்புக் கொக்கியைத் திருகி, தன் இடுப்புக் கயிற்றை அதில் மாட்டினார்.

"யானையே தொங்கினாலும் நான் தாங்குவேன்," என்றது கொக்கி. "நீங்க எப்படி அண்ணே?"

"எனக்கென்ன குறை?" என்றது உத்தரம். உள்ளே கரையான் அரித்ததை அது யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தால் கழற்றிவிடுவார்களே!

சூசைராசு சரிவின் விளிம்புக்கு இறங்கினார். கயிறு விறைத்தது.

"அண்ணே, பிடி நழுவுது!" என்று கொக்கி அலறியது.

உத்தரம் கீழே பார்த்தது. கருங்கல் தரை. இனியும் மறைத்தால் அவர் உயிர் போய்விடும். உடனே, அவருக்குக் கேட்கட்டும் என்று, கூரையே அதிரும்படி மளாரென்று விரிசல் விட்டது.

திடுக்கிட்ட சூசைராசு ஓட்டோடு ஒட்டிப் படுத்து, ஊர்ந்து மேலே வந்தார். விரிசலில் விரலை விட்டார். மரம் மாவாக உதிர்ந்தது.

மறுநாள் அதைக் கழற்றினார்கள். புது உத்தரத்தில் ஏறிய கொக்கி மெதுவாகக் கேட்டது: "உள்ளே நல்லா இருக்கீங்களா அண்ணே? மறைக்காம சொல்லுங்க."