முதல் கரண்டி

ஆறு மாதக் குழந்தை அத்தை மடியில் வாயைத் திறந்து காத்திருந்தது. அப்பாக்காரன் வாழைப்பழத்தை மசித்துக்கொண்டே இருந்தான்.

"போதும்டா, கூழாயிடுச்சு."

"இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் விதையோட மிச்சம்க்கா. காட்டு வாழையில கல்லு மாதிரி இருக்கும்."

"நீ என்ன காட்டுலயா போய் வாங்கின? குடுடா, பிள்ளை ஏங்குது."

"தொண்டையில சிக்கிட்டா?" அவன் மறுபடியும் மசிக்கத் தொடங்கினான்.

அவன் செல்போன் அடித்தது; எடுத்தான். "டாக்டர், முதல் தடவையா பிள்ளைக்கு வாழைப்பழம் குடுக்கப் போறேன். பயமா இருக்கு," என்றாள் ஒரு பெண்.

அவன் குரல் சட்டென்று கம்பீரமானது. "ஆறு மாசம் ஆச்சில்ல? நல்லா மசிச்சு தைரியமா குடுங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

போனை வைத்ததும் அக்கா சொன்னாள்: "டாக்டர், அப்படியே என் தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."