பத்துப் பந்து

குடோன் பேஸ்பால் அணியில் பந்து வீசும் இடத்துக்காக மூன்று மாதம் படாத பாடு பட்டார் லோடுமேன். கதவுப் பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தார். கனத்த பந்தை எறிந்து தோளை உரமாக்கினார். குறிக்காகக் கட்டிய வலையின் ஓட்டைக்குள் மட்டும் ஒரு பந்தும் நுழையவில்லை.

"ஓட்டைய இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டித் தரவா?" என்றாள் மனைவி.

"வாய மூடுடி. செலக்‌ஷனுக்கு வந்து பாரு."

செலக்‌ஷனில் பத்துப் பந்து வீசினார். ஒன்று மட்டையோடு நின்றவனின் காதை உரசியது, ஒன்று முட்டியைத் தேடிப் போனது, ஒன்று கோச்சின் டீயைக் கவிழ்த்தது.

கோச் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "இத்தன நாளா எங்கய்யா இருந்த? தினமும் வந்துடு!"

லோடுமேன் மனைவியை மிடுக்காகப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அப்போ மேட்ச்ல நான்தானே சார் வீசணும்?"

"ஐயையோ, மேட்ச்லயா? பயிற்சியில மட்டும்தான்யா! உன் பந்துக்குத் தப்பிச்சுப் பழகிட்டா, எங்க பசங்க வேற எவன் பந்துக்கும் பயப்பட மாட்டானுங்க!"