லுவா, லாவா?

பெத்த அப்பா இப்படி நாராகக் கிடக்கும்போது இவளுக்கு பிரெஞ்சு கேட்கிறதா?

ஜகதாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேக் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, வியர்க்க விறுவிறுக்க அண்ணாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தால், அண்ணா பெண் மாதங்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் புஸ் புஸ்ஸென்று பிரெஞ்சு பேசிக்கொண்டிருக்கிறாள். அதுவும் சிரித்துச் சிரித்து.

சிவராமகிருஷ்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் பெண்ணின் கையைப் பிடித்திருந்தது.

"போன்ல யாருடீ?"

"ஷ்ரமணா, அத்தை. என்னோட பிரெஞ்சு கிளாஸ்ல படிச்சாளே." சொல்லிவிட்டு மறுபடி புஸ் புஸ்.

எல்லாம் அண்ணா கொடுத்த இடம். பயோடெக்னாலஜி படித்தாயா, உள்ளூரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டோமா என்று இல்லாமல், லியோனில் தடுப்பூசிக் கம்பெனிக்குத்தான் போவேன் என்றாள். அதற்குச் சாதா பிரெஞ்சு போதாதாம். லேபில் பேசுகிற பிரெஞ்சாம். அதற்குத் தனியாக ஒரு கோர்ஸ்.

தாயில்லாப் பெண் கேட்டால் அண்ணா இல்லையென்று சொல்வாரா? பாங்க் ஆபீசராக ரிடையர் ஆன மனுஷன், லேக் கார்டன்ஸ் ஃபிளாட்டில் சாயங்காலமானால் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெண்ணுக்குப் பாடம் கேட்பார்.

"கிட்னி?"

"லு ரேன்."

"தோல்?"

"லு போ."

"தப்பு. லா போ. தோல் பொம்பளை."

"தோலுக்கு என்னண்ணா ஆம்பளை, பொம்பளை?" என்று ஜகதாம்பாள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"பிரெஞ்சுக்காரனைப் போய்க் கேளு. இவளுக்கு மத்ததெல்லாம் தண்ணிபட்ட பாடு. இந்த லு, லாவிலேதான் கோட்டை விடுவா. அது மாறினா சமயத்துல அர்த்தமே மாறிடும், ஜகதா."

இவருக்கு என்ன புரிந்ததோ! புத்தகத்தைப் பார்த்துக் கேட்க யாரால்தான் முடியாது?

ஒருவழியாக மாதங்கி போனை வைத்தாள். ஜகதாம்பாள் அண்ணாவின் பிடியை விலக்கி, அவளைத் தரதரவென்று வெராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? பயாப்ஸி ரிப்போர்ட் என்ன வருமோன்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிண்டு வரேன். நீ அப்பா பக்கத்துல உக்காந்துண்டு இளிச்சுண்டிருக்கே!"

மாதங்கியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று.

"ஷ்ரமணா இங்கே லேப்லதான் வேலை பாக்கறா, அத்தை. ரிப்போர்ட் வந்துடுத்து."

"வந்துடுத்தா? என்னவாம்?"

"கான்சர்தான். ஈரல் மொத்தமும் போயிடுத்து. இனிமே மருந்து எதுவும் வேலைக்காகாதாம். துர்கா பூஜை வரைக்கும் இருந்தாலே பெரிசாம்."



"அதையாடீ சிரிச்சுண்டே கேட்டே?"

"பின்னே எப்படிக் கேக்கறது? கையை விட மாட்டேங்கறார். எழுந்து வெளியே வந்தா சந்தேகப்படுவார். தமிழ், பெங்காலி, ஹிந்தி, இங்கிலீஷ் எதுல பேசினாலும் அவருக்குப் புரிஞ்சுடும். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அப்பா காதுல விழக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

சொன்னவள் அவள்தான். பிள்ளையார் படத்தின் முன்னால் நிறுத்தி, சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். ஜகதாம்பாளுக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம்போல் இருந்தது.

"நாளைக்கு அந்த லியோன்காரா வீடியோவில இன்டர்வியூ பண்றான்னியே..."

"வரலைன்னு சொல்லிடப் போறேன். ஷ்ரமணாகிட்டயும் சொல்லிட்டேன். இந்த நிலைமையில அப்பாவை விட்டுட்டு எங்கே போறது?"

அத்தையும் மருமாளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்கள். ஆயா ஒருத்தி தள்ளுவண்டியோடு வந்ததும் விலகி நின்றார்கள். ஜகதாம்பாள் புடவைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தையும் துடைத்துவிட்டாள். பிறகு உள்ளே போனார்கள்.

"அண்ணா, ரிப்போர்ட் வர இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகுமாம். கவலைப்படும்படியா ஒண்ணும் இருக்காதுன்னுதான் சொல்றா" என்று கூசாமல் பொய் சொன்னாள் ஜகதாம்பாள்.

"அப்படியா? நல்லதாப் போச்சு."

இரண்டு ஸ்பூன் கஞ்சி உள்ளே போயிற்று. மூன்றாவதைக் கையால் தடுத்துவிட்டார்.

"மாதங்கி, நாளைக்கு இன்டர்வியூ எப்போ?"

"சாயங்காலம்... இல்லப்பா, அது வந்து..."

"வந்து போயெல்லாம் வேண்டாம். நல்லபடியா பேசு. ஆனா, இன்னிக்குப் பேசின மாதிரி தப்பாப் பேசிடாதே."

"என்ன தப்பு?"

சிவராமகிருஷ்ணன் கண்ணைத் திறந்து, புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பாரே, அதே மாதிரி பெண்ணைப் பார்த்தார்.

"போன்ல, 'லா ஃபுவா போயிடுத்து'ன்னியே. லா ஃபுவான்னா நம்பிக்கைடீ. அது எனக்கு எங்கேயும் போகலை. போனது லு ஃபுவா... ஈரல்தான்."