அதிகாரி வந்துபோகும் வரை

கோபிலால் டையை இறுக்கிக்கொண்டு தன் சாப்பாட்டுக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அடுப்பிருக்கும் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

தொழில் தொடங்க வந்தவனுக்கு ஜப்பானில் கொடுக்கும் விசா அப்படி. முதலாளி என்று வந்தவன் முதலாளியாகவே இருக்க வேண்டும். அவன் சட்டியைக் கிளறுவதைப் பார்த்துவிட்டால் சமையல்காரன் என்று எழுதி நேபாளத்துக்கே மூட்டை கட்டிவிடுவார்கள். விசாவைப் புதுப்பிக்கும் முன், இந்த வாரத்தில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வருவார். கடை பூட்டிக் கிடந்தால் அத்தோடு கதை முடிந்தது.

அதனால் அடுப்படியில் மனைவி நிர்மாயாதான் நின்றாள். மூன்று நாளாக அவள் உப்பில்லாத சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுகிறாள்.

"என்ன, இந்த வயசுல சினிமால நடிக்கப் போறியா?" என்று காலையில்கூடக் கேட்டான்.

வயிறு சரியில்லை என்றாள்.

ஊரிலிருக்கும் அவன் அம்மா தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, ஆபீசர் வந்தாரா என்று கேட்பாள். மூன்று நாளாக அந்த அழைப்பும் இல்லை. கிழவி போனைக் கீழே போட்டு உடைத்துவிட்டாளாம் என்று நிர்மாயா சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மதியம் அதிகாரி வந்தார். பெயர்ப்பலகையைப் படம் பிடித்தார். தபால்பெட்டியைப் பார்த்தார். அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, வாசனை நன்றாக இருக்கிறது என்றார். குறை ஒன்றும் தெரியவில்லை, முடிவு தபாலில் வரும் என்று குனிந்து சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை கோபிலால் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தான். தட்டிலிருந்த கோழி மோமோவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே ஊருக்கு போன் போட்டான்.  அந்தத் தட்டைப் பிடுங்க நிர்மாயாவின் கை போனது, பிடுங்க முடியவில்லை.

"அண்ணா, ஆபீசர் வந்துட்டுப் போயிட்டாரு. அம்மாகிட்ட போனைக் குடு."

அவர்கள் வழக்கப்படி அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைக்குட்டி. கோபிலால்தான் கடைக்குட்டி. அம்மா போய்ச் சேர்ந்தது தெரிந்திருந்தால் தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, யாரையும் தொடாமல், உப்பும் கறியும் இல்லாமல் பதின்மூன்று நாள் மூலையில் உட்கார்ந்திருப்பான். கடை பூட்டிக் கிடந்திருக்கும்.

மூன்று நாளுக்கு முன் நிர்மாயாதான் போனில் அண்ணனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கொள்ளியை நீங்களே வைத்துவிடுங்கள், அதிகாரி போன பிறகு உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பாவம் தன் தலையிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

இப்போது அதிகாரி போய்விட்டார். அண்ணன் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும்.

கோபிலால் மெல்லுவதை நிறுத்தினான்.