நல்ல குடும்பத்து வில்லை

சீட்டாட்ட கிளப்பில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடிய இரண்டு பழைய வில்லைகள், பழுப்பேறிப்போய், சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. பழம்பொருள் சேகரிப்பவர் சாயங்காலம் வருகிறார். அவருடைய வெல்வெட் பெட்டிக்குள் போய்விட வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசை.

“அக்கா, அந்த கிளப் பெயரையும் சேர்த்துத் தேய்ச்சு எடுத்துடுங்க,” என்றது வெள்ளை வில்லை, டூத் பிரஷ்ஷிடம்.

“அழுக்கு வேற, அச்சு வேறடீ. போனா வராது.”

“சூதாடின இடத்துப் பெயரோட நாலு பேர் முன்னாடி எப்படி நிக்கிறது? தேய்ங்க!”

“எனக்கு அழுக்கு மட்டும் போனாப் போதும்க்கா,” என்றது சிவப்பு வில்லை.

சாயங்காலம் வந்தவர், பெயர் அழிந்து வழவழவென்றிருந்த வெள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எந்த கிளப்?”

“கிளப்பா? ஐயையோ! நாங்கள்லாம் நல்ல குடும்பம், சார்,” என்று பளபளத்தது வெள்ளை.

அவர் சிவப்பைப் பெட்டிக்குள் வைத்தார். வெள்ளையை, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார்.