ஏரி நடுவே ஓர் அழைப்பு

இரு நாடுகளுக்கு நடுவே விரிந்த பெரிய ஏரியில், சரியாக எல்லைக்கோட்டின் மேல் எங்கள் மிதவை வீடு நிற்கிறது. கரையேற எந்த நாடும் எங்களை விடுவதில்லை. வேடிக்கை பார்க்கச் சுற்றுலாப் படகுகளை மட்டும் விடுகிறார்கள்.

இன்றைய படகில், கரையில் வாழும் எங்கள் மகள் மங்கையர்க்கரசி அமர்ந்திருந்தாள்.

“ஏங்க, நம்ம பொண்ணு! வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றாள் என் மனைவி.

“சத்தம் போடாத. உறவுன்னு தெரிஞ்சா அவளையும் இங்கேயே இறக்கிடுவாங்க.”

வீடு தேடி வந்தவரை வாயார அழைக்காமல் அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

வழிகாட்டி ஒலிபெருக்கியில் கத்தினான். “பெரியவரே, விறைப்பா நிக்காம கொஞ்சம் கையாட்டுங்க!”

நான் கைகூப்பி, “எல்லாரும் வாங்க!” என்றேன்.

படகே சிரித்துப் படமெடுத்தது. மகளும் செல்போனை உயர்த்தி, அதன் பின்னே முகத்தை மறைத்துக்கொண்டாள்.