பேரம் பேசாத ஏழைகள்

"கடைசி வரிசையில உட்காருங்க. என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள் மனைவி.

பழைய இரும்புக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக இவள் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அந்த ஆறு வருஷமும் துருப்பிடித்த தகரத்தோடு மல்லுக்கட்டியது யார்? இன்றைக்கு வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார்கள். இருப்பதிலேயே நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தால், இதுதான் மரியாதை!

"எட்டாங்கிளாஸ் புருஷனை நாலு பேர் பார்த்துட்டா கௌரவம் குறைஞ்சிடும், அதானே?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினியிடம் பொருமினார்.

"அது இல்லை மாமா. போன தடவை ஃபீஸ் கட்டற இடத்துல கிளார்க் சட்டையைப் பிடிச்சீங்களே, அதுக்குத்தான்."

"அவன் என்னை உட்காரச் சொல்லலை."

"அவரே நின்னுக்கிட்டுத்தான் இருந்தார் மாமா!"

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஆய்வேட்டைப் புரட்டினார். இந்தியாவில் ஆங்கிலத்தில் எழுதப்படும் நாவல்களில் ஏழைகளுக்கு நியாயம் கிடைக்கிறதா என்பதுதான் ஆய்வு. கேள்வியும் ஆங்கிலம், பதிலும் ஆங்கிலம். கடைக்காரருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

திடீரென்று அந்த ஆங்கிலத்துக்கு நடுவே அவர் பெயர் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது.

"ஏய், என் பேரு! நான் என்ன பண்ணேன்?"

"சும்மா இருங்க மாமா..." மச்சினி கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "அக்கா நாலாவது அத்தியாயத்துல இருபத்தேழு அடிக்குறிப்புல உங்க பேரைப் போட்டிருக்காளாம். நீங்க நேர்ல சொன்னதுன்னு. இவர் எந்தப் பல்கலைக்கழகம்னு கேக்கறாங்க. நாலு ஊர்ல விசாரிச்சாங்களாம். அப்படி ஒரு ஆளே இல்லையாம்."

"நான் இல்லையா?"

"கத்தாதீங்க. இல்லாத ஆளை உண்டாக்கி எழுதியிருந்தா பட்டம் கிடையாதாம்."

கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்துவிட்டார். அதற்குள் மனைவி திரும்பிக் கடைசி வரிசையைக் கை காட்டினாள்.

"மை ஹஸ்பெண்ட்."

அது மட்டும் அவருக்கே புரிந்தது. எழுந்த வேகத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பேராசிரியை அவரை முன்னால் அழைத்துத் தமிழுக்கு மாறினார்.

"இந்த நாவல்கள்ல ஏழைங்க அழறாங்க, அடி வாங்கறாங்க, சாகறாங்க. ஒருத்தர்கூடப் பேரம் பேசறதில்லை. அதனால எழுதினவங்களுக்கு இவங்க மேல இரக்கம் இருக்கு, மதிப்பு இல்லை. இது நீங்க சொன்னதா?"

"ஆமாங்க."

"பேரத்துக்கும் மதிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? தகரம் பொறுக்கிட்டு வர்றவங்க என் தராசுக்கு முன்னாடி வந்து நின்னா, முதல்ல முள்ளைத்தான் பார்ப்பாங்க. 'உன் இரக்கம் யாருக்கு வேணும், எடையைச் சரியாப் போடு'ம்பாங்க. அழுதா, நான் இஷ்டப்பட்டதைக் கொடுப்பேன். பேரம் பேசினா, நியாயமானதைக் கொடுத்தாகணும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வருஷமா இந்த நாவல்களைப் புகழ்ந்து எழுதிக்கிட்டிருக்கேன். இது எனக்குத் தோணவே இல்லை."

ஆய்வேட்டை மூடினார். யாரோ கை தட்டினார்கள். மச்சினி விசிலடிக்காத குறை. மனைவி அவரை அப்படி ஒரு பெருமையோடு பார்த்தாள்.

அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பேசாமல் போய் உட்கார்ந்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

"மேடம்... அது நான் சொன்னதில்லை."

மச்சினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இவ வீட்டுல சொல்ற கதையை நான் மறுநாள் கடையில சொல்வேன். தகரம் பொறுக்கற ஒரு அம்மா எடை போடறவரைக்கும் கேட்டுக்கிட்டே நிப்பாங்க. 'ஏன் தம்பி, உன் கதையில ஒருத்திகூடப் பேரம் பேச மாட்டாளா?'ன்னு கேட்டது அவங்கதான். அதை வீட்டுக்கு வந்து நான் சொன்னதா சொன்னேன். இவ என்னைப் பெருமையா பார்த்தா. அதுக்கு ஆசைப்பட்டு, தினம் அதையே பண்ணேன். இருபத்தேழும் அவங்க பேச்சு. பட்டத்தை மட்டும் நிறுத்திடாதீங்க. வேணும்னா அந்த நாலாவது அத்தியாயத்தைக் கழிச்சுக்கிட்டு மீதியை எடை போடுங்க."

மனைவி பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

பேராசிரியை சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"அந்த அம்மா பேர் தெரியுமா?"

"தெரியாமலா? பத்து வருஷமா என்னைத் திட்டறவங்க." முன்னெழுத்தோடு சொன்னார்.

எழுதிக்கொண்ட பேராசிரியை மனைவியைப் பார்த்தார். "அவங்களைப் போய்ப் பார்த்து, சம்மதம் கேட்டு, இந்தப் பேரை எல்லா இடத்துலயும் போட்டுடுங்க. வேற திருத்தம் எதுவும் இல்லை, டாக்டர்."

பட்டம் கிடைத்துவிட்டது என்று கடைக்காரருக்குப் புரிந்தது. இனி வீட்டுக்குப் போனதும் இருக்கிறது கச்சேரி.

ஆனால் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"மேடம், இருபத்தெட்டாவதா ஒண்ணு சேர்த்துக்கலாமா? இப்ப பேசினது நிஜமாவே என் வீட்டுக்காரர்."